ஏழாம் நாள் தானமும் ஈரப்பலா மரத்துக் குளவியும்

"அந்தக் கூடு அங்க தொங்குற வரைக்கும் ஹாமுதுருமார் எப்பிடி உள்ள வருவாங்க?" என்று விமலசேன கேட்டார். வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த கருணாவதி மாமி ஒரு தரம் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். பிறகு, ஏற்கெனவே துடைத்து வைத்த வெற்றிலையையே எடுத்து மறுபடியும் துடைத்தாள்.

வாசல் படலைக்கு நேர் மேலே, ஈரப்பலா மரத்தின் கிளையில், சோற்றுப் பானை அளவில் குளவிக்கூடு. ஊர் விகாரையான பன்சலையிலிருந்து பன்னிரண்டு ஹாமுதுருமார், அதாவது பிக்குகள், அந்தப் படலை வழியாகத்தான் வரவேண்டும். முன்னால் மேளம் வரும். தலையில் புத்தரின் தாதுப் பேழை சுமந்து ஒருவர் வருவார். எல்லாரும் வந்து, உட்கார்ந்து, நண்பகலுக்கு முன்னால் சாப்பிட்டு முடிக்க வேண்டும். உச்சி தாண்டினால் பிக்குகள் ஒரு பருக்கை தொடமாட்டார்கள். தொடாவிட்டால் தானம் இல்லை. தானம் இல்லாவிட்டால், செத்துப்போன தர்மதாசவுக்குப் புண்ணியமும் இல்லை.

தர்மதாச, விமலசேனவின் தங்கை குசுமாவதியின் புருஷன். போன கிழமை திடீரென்று போய்விட்டார். "நெஞ்சு நின்னுட்டுது அண்ணா" என்று குசுமா தொலைபேசியில் அழுதபோது விமலசேன மாலைதீவில், கடலுக்கு நடுவே கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலில் நின்றிருந்தார். லீவு கிடைக்கவில்லை. அடக்கத்துக்கு வர முடியவில்லை. நேற்று மாலைதான் கேகாலைக்கு வந்து சேர்ந்தார். தங்கையின் முகத்தை நேராகப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அடக்கத்தைத்தான் கோட்டைவிட்டோம், தானத்தையாவது ஒரு குறையும் இல்லாமல் நடத்திவிட வேண்டும் என்று இராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே படுத்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஹோட்டல் கட்டுமானத்தில் விமலசேனவின் வேலை, பாதுகாப்பு அதிகாரி. யாரும் எங்கிருந்தும் விழாமல் பார்த்துக்கொள்வதற்கு அவருக்குச் சம்பளம்.

"மேளம் வேண்டாம்னு சொல்லிடுவமா?" என்றார்.

மாமி வெற்றிலையைக் கீழே வைத்தாள். "மேளம் இல்லாம தாதுப் பேழையைக் கொண்டு வாறதா? என்ன மகன், கடைக்கு மரக்கறி வாங்கிட்டு வாற மாதிரியா?"

"அப்ப பின்பக்கமா, வயல் வழியா கூட்டிட்டு வருவம்."

"முழங்கால் சேறு. பெரிய ஹாமுதுருவுக்கு எழுபத்தெட்டு வயசு. சேத்துல வச்சுப் புண்ணியம் கேக்கப் போறியா?"

"சரி, அப்ப கூட்டை எடுத்துட வேண்டியதுதான்."

இதைக் கேட்டதும் முற்றத்தில் பந்தல் துணி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்றவர் அவர் காலை மிதித்தார். விமலசேன அதைத் தன் மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்று விரலைத் தூக்கினார். "ஒரு குளவிகூட சாகக் கூடாது. தானம் குடுக்கிற நாள்ல உயிர்க்கொலை செஞ்சா, மச்சானுக்குப் போற புண்ணியத்துல நாமளே மண் அள்ளிப் போட்ட மாதிரி. கூட்டை உயிரோட எடுத்துட்டுப் போய் றப்பர் தோட்டத்துல விடணும்."

"அதைத்தான் நானும் நினைச்சன் மாத்தயா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அது சைமன். பக்கத்து வளவு. சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஊரில் எந்த வேலை நடந்தாலும் கூப்பிடாமலே வந்து நிற்கும் நல்ல மனிதர். வேலை முடிந்ததும் முதலில் காணாமல் போகிறவரும் அவர்தான்.

"உங்களுக்குக் குளவி எடுத்துப் பழக்கம் இருக்கா?" என்று விமலசேன கேட்டார்.

"பழக்கம்னு இல்ல. ஒருக்கா கிட்ட நின்னு பாத்திருக்கன்." சைமன் குரலைத் தாழ்த்தினார். "நெருப்பு மட்டும் வேண்டாம் மாத்தயா. நெருப்பு சரிவராது. புகைதான் சரி."

"கெட்டிக்காரர்!" என்று விமலசேன அவர் தோளில் தட்டினார்.

சைமன் தேங்காய் மட்டையைக் குவித்துப் பற்றவைத்தார். மட்டை ஈரம். புகை அருமையாக வந்தது. ஆனால் காற்று வயல் பக்கமிருந்து வீசியதால், அத்தனை புகையும் கூட்டைத் தொட்டும் பார்க்காமல் நேராகச் சமையல்கட்டுக்குள் போனது. உள்ளே பாற்சோறு கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள். குசுமா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக, "என்ன புகை அது?" என்று கத்தினாள்.

"நுளம்பு கடிக்குது, விரட்டத்தான்!" என்றார் விமலசேன. துக்கத்தில் இருப்பவளை இதில் எதற்கு இழுக்க வேண்டும் என்று நினைத்தார். அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

புகையின் ஓரம் பட்டதோ என்னவோ, கூட்டிலிருந்து நாலைந்து குளவிகள் வெளியே வந்து சுற்ற ஆரம்பித்தன. அதுவரை அவை தம் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தவைதான்.

"இப்ப எழுப்பிட்டம்" என்றார் விமலசேன. "இனி விட முடியாது. சாக்கு வேணும். ஏணி வேணும்."

"அங்கேயே இருக்கு மாத்தயா."

இருந்தது. மரத்தின் மறுபக்கம் நீளமான மூங்கில் ஏணி சாத்தியபடியே நின்றது. அதன் அடியில் ஒரு கோணிச் சாக்கும் கிடந்தது.

"யார் இதெல்லாம் இங்க கொண்டுவந்து வச்சது?"

"போன கிழமைல இருந்தே இருக்கு. யாரும் தொடல."

விமலசேன ஏணியின் படியைத் தடவிப் பார்த்தார். "பாருங்க சைமன், தர்மதாச மச்சான் எதையும் கை கிட்ட எடுத்து வச்சிட்டுத்தான் வேலை தொடங்குவார். அப்பிடி ஒரு மனுசன்."

சைமன் தலையைச் சொறிந்தார். "ஓம் மாத்தயா. அப்பிடித்தான் செய்வார்."

சாக்கை உதறிப் பார்த்தபோது ஓரத்தில் முஷ்டி அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது. விளிம்பெல்லாம் கருகியிருந்தது.

"இது என்ன ஓட்டை?"

"அதை அடைச்சிடலாம்" என்று சைமன் தன் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அதில் திணித்தார்.

பிறகு விமலசேன உடுத்திக்கொண்ட அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளைச் சாரத்துக்கு மேலே குசுமாவின் மழைக்கோட்டு. கையில் இரண்டு சோடி காலுறை. தலையில், வீட்டில் காட்டுவதற்காக மாலைதீவிலிருந்து கொண்டுவந்திருந்த மஞ்சள் பாதுகாப்புத் தொப்பி. அதற்கு மேலே நுளம்பு வலை. மாமி பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு மகன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாம் மகன். இறங்கி வந்துடு. கூடு இருந்தா இருக்கட்டும்."

"நான் இன்னும் ஏறவே இல்ல மாமி!"

"அதான் சொல்றன்."

இந்த இடத்தில்தான் பாதுகாப்பு அதிகாரி தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தார். முறைப்படி செய்தார். உயரத்தில் வேலை செய்கிறவன் கட்டாயம் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்த, தொப்பியோடு கொண்டுவந்திருந்த அந்த இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டார். மேலே ஏறியதும் அதன் கயிற்றை மேல்கிளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, யாராலும் சட்டென்று அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சைப் போட்டார்.

"இனி நான் விழவே மாட்டன்" என்று கீழே பார்த்துச் சொன்னார்.

"நல்ல யோசனை மாத்தயா" என்றார் ஏணியைப் பிடித்திருந்த சைமன். "அது இல்லாததாலதான்..." என்று ஆரம்பித்து இருமினார். புகை இன்னும் அடங்கவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சாக்கை அடியிலிருந்து மெதுவாக ஏற்றினார். கூடு முழுக்க உள்ளே போனது. வாயை இறுக்கிக் கட்டினார். கத்தியால் கிளை நுனியை அறுத்தார். உள்ளே மழை கொட்டுவது போல ஒரு சத்தம். ஒரு குளவியும் சாகவில்லை. விமலசேனவுக்கு அழுகையே வந்துவிட்டது. 'மச்சான், இது உங்களுக்காக' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்டது.

பிக்குகள் நேரத்தோடு புறப்பட்டுவிட்டார்கள். விமலசேன பதறிச் சாக்கைத் தூக்கினார். கூட்டின் பாரம் முழுவதும் ஓட்டைப் பக்கம் சாய்ந்தது. சைமனின் துண்டு மெல்ல நழுவியது. பிறகு காற்றில் ஆடி ஆடி இறங்கி, நேராகச் சைமனின் தலைமேலேயே விழுந்தது.

சைமன் மேலே பார்க்கவில்லை. துண்டைப் பார்த்தார், அவ்வளவுதான். சாரத்தை மடித்துக் கட்டினாரா, ஓடினாரா, எது முதலில் என்று அங்கிருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவர் உதைத்த வேகத்தில் ஏணி சாய்ந்து வேலிமேல் விழுந்தது. அடுத்த கணம் வயலுக்குள் 'சளக்' என்று ஒரு சத்தம்.

விமலசேன விழவில்லை. அதற்குத்தானே கட்டியிருந்தார். படலைக்கு மேலே, இடுப்பில் தொங்கிக்கொண்டு, வலையும் மழைக்கோட்டுமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் குளவிகள்.

"கயிறு! யாராவது கயிறை அறுங்க!" என்று கத்தினார். கத்தியும் சாக்கும் கைநழுவிக் கீழே கிடந்தன. ஏணி கிடந்தது. ஆட்கள்தான் யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஊர்வலம் படலைக்கு வந்து சேர்ந்தது. மேளக்காரர்கள் இருவரும் முதலில் மேலே பார்த்தார்கள். வாசலில் ஒரு வெள்ளை உருவம் கத்திக்கொண்டு அந்தரத்தில் சுற்றுகிறது. செத்தவன் வீடு. அவர்கள் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள நிற்கவில்லை. ஒருவர் மேளத்தோடு வயலுக்குள் பாய்ந்தார். மற்றவர் மேளத்தை விட்டுவிட்டுப் பாய்ந்தார். அந்த மேளம் தனியாக உருண்டு வந்து படலையில் முட்டிக் கடைசியாக ஒரு அடி அடித்தது. மிச்சமிருந்த குளவிகளும் அதில் எழுந்தன.

பாவம், தாதுப் பேழை சுமந்து வந்த தபால்காரர் பியதிலகதான். தலையில் பேழை. ஓட முடியாது, குனிய முடியாது, கையை எடுக்க முடியாது. மூக்கில் ஒன்று, கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று என்று வாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வடிய, ஒரு அசைவில்லாமல் நேராக நடந்து வீட்டுக்குள் போனார். அந்த ஊரில் அதுவரை யாரும் அப்படி ஒரு பக்தியைப் பார்த்ததில்லை.

"யாரும் ஓடாதீங்க! மெதுவா நடங்க!" என்று பெரிய ஹாமுதுரு சொன்னார். சொல்லிவிட்டுக் காவித்துணியைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, அந்த எழுபத்தெட்டு வயதில், எல்லாருக்கும் முதலாவதாக வாசலை அடைந்தார். மற்ற பதினொரு பேரும் உள்ளே வந்ததும் கதவு சாத்தப்பட்டது.

சத்தம் கேட்டுப் பின்வாசலால் ஓடி வந்த குசுமா, மரத்தைப் பார்த்தாள். "ஐயோ, அண்ணாவையுமா!" என்று ஒரே ஒரு தரம் அலறிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சந்தடி ஓய்ந்ததும் குளவிகளும் மெல்ல மெல்ல அடங்கி, சாக்கோடு கீழே கிடந்த கூட்டைத் தேடிப் போயின. கழுத்துவரை சேறோடு சைமன் வேலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஏணியை மறுபடி சாத்தி, கயிற்றை அறுத்து, விமலசேனவை இறக்கியது அவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வரும்வரை விமலசேனவைப் பின்பக்க விறாந்தையில் ஒரு நாற்காலியில் சாய்த்துவைத்தார்கள். மாமி முகம் முழுக்க வெற்றிலைச் சுண்ணாம்பைப் பூசிவிட்டாள். கண் இரண்டும் மூடிவிட்டன. உதடு அவருடையதாகவே இல்லை. ஆனாலும் மழைக்கோட்டு தடிப்பு என்பதால் உயிர் இருந்தது.

உள்ளே பன்னிரண்டு பிக்குகளும் உச்சிக்கு முன்னால் சாப்பிட்டு முடித்தார்கள். கிண்ணத்தில் நீர் வார்த்துத் தர்மதாசவுக்குப் புண்ணியம் கொடுக்கும் மந்திரம் கேட்டது. தானம் நடந்துவிட்டது. அதைக் கேட்டதும் விமலசேனவின் மூடிய கண்ணிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு நீர் வடிந்தது.

"பாவம் மச்சான்" என்றார், வீங்கிய வாயால். "நல்ல காலம், நெஞ்சு நின்னு நிம்மதியா போய்ச் சேர்ந்தார். இந்தக் கூத்தையெல்லாம் பாக்காம."

பக்கத்தில் சேறு சொட்ட உட்கார்ந்திருந்த சைமன் அவரையே திகைத்துப் பார்த்தார்.

"நெஞ்சா? அப்ப மாத்தயாவுக்கு யாரும் சொல்லலையா? போன கிழமை தர்மதாச மாத்தயா இதே சாக்கோட ஏறினப்பவும் ஏணியைப் பிடிச்சது நான்தானே!"