கொடுக்காத அனுமதியும் உடைந்த பம்பரும்

டத்தோ கிராமாட்,
பினாங்கு.

தைப்பிங்கில் இருக்கும் மச்சான் தனேஷுக்கு, அத்தான் கார்த்திகேசு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா புஷ்பவள்ளியும் நலம். கார் மட்டும் நலமில்லை. அங்கே தனுஜாவும் பிள்ளைகளும் உன் காரும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் கேட்டால் இன்னொரு கால் வருகிறது என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். காப்புறுதி விற்பவன் நீ என்பதால் உன்னிடம் ஒரு சந்தேகம். இன்னும் சற்று நேரத்தில் போலீஸ் ரிப்போர்ட் செய்யக் கிளம்ப வேண்டும், அதற்குள் பதில் போடு.

நேற்றுக் காலை மீன் வாங்க ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் பஸ்ஸில் போனேன். அங்கே காரை நிறுத்தினால் பக்கத்துக் கார்க்காரன் கதவைத் திறந்து இடிப்பான் என்பதால் நம் காரை நான் அங்கே கொண்டுபோவதே இல்லை. என் ஸ்டியரிங்கை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது உனக்கே தெரியும், ஒருமுறை நீ கேட்டு நான் தரவில்லை. நான் போன நேரம் பார்த்து நல்ல மழை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் பெயர் சித்தி ஆயிஷா, அவர் மகள் நஜ்வாவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. மருமகன் இக்மல் அவர்கள் வீட்டுக் காரில் பத்து காவான் ஊரில் இருக்கும் ஃபேக்டரிக்குப் போய்விட்டான், கடல் பாலத்தைத் தாண்டி வர நேரமாகும். வாடகைக் காருக்குப் போனில் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், மழையில் ஒருவனும் வரவில்லை. சித்தி ஆயிஷா நம் வீட்டுக் கதவைத் தட்ட, உன் அக்கா எனக்குப் போன் அடிக்க, அந்தப் போன் நம் வீட்டு ஐஸ்பெட்டி மேலேயே சார்ஜ் ஏறியபடி அடித்திருக்கிறது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு உன் அக்கா லைசன்ஸைப் புதுப்பிக்கவில்லை. சித்தி ஆயிஷா பள்ளி வேன் ஓட்டியவர், அவருக்கு லைசன்ஸ் இருக்கிறது. சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, உன் அக்கா பின் சீட்டில் நஜ்வாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு கீறல் இல்லை. வாசலில் நஜ்வா வலி தாங்காமல் கத்த, சித்தி ஆயிஷா திரும்பிப் பார்க்க, கார் திட்டில் ஏறிப் பூந்தொட்டியை இடித்து நின்றது. முன் பம்பரும் இடது விளக்கும் போயின. யாருக்கும் அடி இல்லை. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்துவிட்டது, ஐனா என்று பெயர்.

நான் மீனோடு வீட்டுக்கு வந்து, போனில் உன் அக்கா போட்டிருந்த செய்தியைப் பார்த்து, அலறிப் புடைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் மச்சான், முதலில் போனது கார் நிறுத்துமிடத்துக்கு. பம்பர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தபோது சித்தி ஆயிஷா வந்தார். பேரப் பிள்ளையைப் பார்த்த சந்தோஷம் கொஞ்சமும் முகத்தில் இல்லை. கேட்காமல் எடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று மலாயில் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. நான்தானே எடுத்துப் போகச் சொன்னேன், அவசரத்துக்கு எடுங்கள் என்று என் மனைவியிடம் என்றைக்கோ சொல்லி வைத்திருக்கிறேனே என்று அதே மலாயில் பச்சைப் பொய் சொன்னேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கப் போனார். பின்னால் நின்ற உன் அக்கா என்னையே பார்த்தாள்.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். கோப்பிக்கடையில் ஒருவர், பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது என்கிறார். இன்னொருவர், "ஓனர் பெர்மிஷன் குடுத்து, ஓட்டுனவருக்கு லைசன்ஸ் இருந்தா குடுப்பாங்க, கொஞ்சம்தான் நம்ம கையில இருந்து போகும்" என்கிறார். அப்படியானால் அனுமதி எப்போது பிறக்கிறது? நேற்றுக் காலை நடந்ததற்கு நேற்று மத்தியானம் கொடுத்த அனுமதி செல்லுமா? நான் கொடுக்கவில்லை என்றால் அது திருட்டாமே. சித்தி ஆயிஷா திருடி, உன் அக்கா கூட்டாளி என்றால், வயிற்றுக்குள் இருந்தபடி பயணம் செய்த ஐனாவை எதில் சேர்ப்பார்கள்? மனைவி கொடுத்தால் புருஷன் கொடுத்ததாக ஆகுமா என்று உன் அக்காவையே கேட்டுப் பார்த்தேன். "வலியில துடிக்கிறவள நிறுத்தி வச்சிட்டு ஒங்கள பாசார்ல தேடவா?" என்றாள். அது பதில் இல்லை, ஆனால் அதற்கு மேல் கேட்கவும் முடியவில்லை. போலீஸில் நான் என்ன சொல்வது? பொய்யும் சொல்லக் கூடாது, அந்த அம்மா முகமும் வாடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வார்த்தை உங்கள் கம்பெனியில் வைத்திருப்பீர்களே.

தனுஜாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, அவரவர் காரை அவரவரே ஓட்டி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
கார்த்திகேசு.

பி.கு.: படம் பிடிக்கும் முன் உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. "நம்ம காடி நான் கவர்மெண்ட் வேலையில இருந்தப்ப எடுத்த லோன்ல வாங்குனதுங்க. ரெஜிஸ்ட்ரேஷன் கிராண்டும் இன்சூரன்சும் எம் பேருலதான் இருக்கு, தனேஷுக்குத் தெரியுமே" என்றாள். ஆக, சித்தி ஆயிஷாவுக்கு உரிய ஆளே உரிய நேரத்தில் அனுமதி கொடுத்திருக்கிறாள். ஓட்டுபவர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கத்தான் மறந்துவிட்டாளாம். அப்படியானால் இத்தனை வருஷமாக நான் யார் அனுமதியில் ஓட்டினேன் என்று கேட்டேன். "யோசிச்சி சொல்றேன்" என்று உள்ளே போயிருக்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு மச்சான். பதிலை அவள் நம்பருக்கே அனுப்பு.