படிவத்து ஏழை

ஏழைகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் வருடம் முழுவதும் ஏழைகள். அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், விட்டுவிடுவோம். இரண்டாம் வகையினருக்கு வறுமை மூன்றே வாரம். பல்கலைக்கழக உதவிப்பணத்துக்கு விண்ணப்பம் கோரிப் பத்திரிகையில் அறிவித்தல் வருகிற அன்று காலையில் அது பிடிக்கும். முடிவுத் திகதியன்று மாலை கந்தோர்க் கதவு பூட்டுகிற சத்தத்தோடு விட்டுவிடும். இடைப்பட்ட நாட்களில் அவர்களைப் பார்த்தால் கல்லும் கரையும். இந்த வகையினருக்குப் படிவத்து ஏழை என்று பெயர் வைப்போம்.

எல்லா ஊரிலும் இவர்கள் இருக்கிறார்கள். நாம் பார்க்கப்போகிறவர் கண்டிக்காரர். கண்டி நகரின் கொழும்பு வீதியில் இரண்டு மாடிப் புடவைக்கடை வைத்திருக்கும் செல்லப்பா முதலாளி. கட்டுகஸ்தோட்டையில் வீடு, வாசலில் வான், பல்லேகலயில் மச்சினன் பெயரில் காணி, வீட்டில் தொலைபேசி. தொண்ணூறுகளின் நடுவில் அது வீட்டுக்கு வீடு இருக்கிற பொருளா என்ன? கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தால் முதல் வரியில் அவர் பெயர் வர வேண்டும். இரண்டாம் வரியில் வந்த வருடம் அவர் தேர் பார்க்கவே போகவில்லை. யாராவது நன்கொடைப் புத்தகத்தை நீட்டினால், முந்தின பக்கத்தில் யார் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஓர் ஐந்நூறு கூட்டி எழுதி, "நமக்கு என்னங்க, கடவுள் குடுக்குறாரு" என்பார். நல்ல மனிதர்தான். கைகொட்டிச் சிரித்துப் பேசுவார், கடைக்கு வருகிறவர்களுக்குப் பிளேன்டீ கொடுப்பார்.

அப்படிப்பட்டவருடைய மகள் பாலாம்பிகை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். படிவமும் வந்தது. செல்லப்பா ஏழையானார்.

ஏழையாவது இலேசான காரியம் என்று நினைக்கிறீர்களா? படிவத்தில் கையெழுத்து வைக்கும் கிராம சேவகர் மாத்தயா வீடு பார்க்க வருவதற்கு முதல் நாளே வான் கலகெதரயில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட வேண்டும். தொலைபேசியைக் கழற்றி அலுமாரிக்குள் வைக்க வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியைப் போர்வையால் மூடி, அதன்மேல் சாமி படத்தை வைத்துப் பூப்போட வேண்டும். போன தடவை வந்த மாத்தயா சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டதும் உண்டு. மனைவி கமலம் அக்கா வளையல்களைக் கழற்றி அரிசி வாளிக்குள் போட வேண்டும். கடைசியாகக் குளிர்சாதனப் பெட்டி. அது மதிலுக்கு அந்தப் பக்கம் முனாப் நானா வீட்டுக்குப் போகும்.

"ஏங்க, உள்ளுக்குப் பால் இருக்கு" என்றார் கமலம்.

"பாலோட போகட்டும். ஏழை வீட்டுல ஏது பால்?"

முனாப் நானா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இது மூணாவது தடவ முதலாளி. மூத்த மகனுக்கு ஒருக்கா, நடுவுள்ள மகனுக்கு ஒருக்கா, இப்ப புள்ளக்கி. ஒவ்வொரு தடவயும் பிரிஜ்ஜு பெருசாகிட்டு வருது. எங்கட கதவால போற மாதிரி பாத்து வாங்கியிருக்கலாமே."

"அரசாங்கப் பணம் நானா. ஆத்துல போற தண்ணி. அப்பன் குடிச்சா என்ன, ஆத்தா குடிச்சா என்ன?"

படிவத்து ஏழையின் வேதம் இந்த ஒரு வாக்கியம்தான். ஆற்றுக்குக் கீழ்ப்பக்கமும் ஆட்கள் இருப்பார்கள் என்பது அவருக்கு ஒருபோதும் ஞாபகம் வராது.

இரண்டு மகன்களின் காலத்தில் காரியம் சுகமாக நடந்தது. தகப்பன் ஒரு தொகையை எழுதுவார், கிராம சேவகர் கையெழுத்து வைப்பார், காகிதம் கொழும்புக்குப் போய்விடும். உள்ளூரில் ஒரு காக்காய்க்கும் தெரியாது. மகள் முறை வந்த வருடம் பார்த்து எங்கேயோ ஒரு மேசையில் இருந்த யாரோ ஒருவர் விதிகளை மாற்றிவிட்டார். குடும்ப வருமானம் மாதம் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் உதவிப்பணம் கிடையாது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் முதலாளியிடம் சம்பளக் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பித்தவர்களின் பெயரும் தகப்பன் தொழிலும் வருமானமும் கிராம சேவகர் கந்தோர்ப் பலகையில் பதினான்கு நாள் ஒட்டப்படும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். விதிகளை அறிவித்த சுற்றுநிருபத்தின் இந்தக் கடைசிப் பகுதியைச் செல்லப்பா படிக்கவில்லை. படிவத்து ஏழை படிவத்தைப் படிப்பதில்லை, நிரப்புவதோடு சரி. மாத வருமானம்: இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. தொழில்: சிறு வியாபாரம்.

அதே நாள், அதே மேசை, அதே பேனா. கறுப்பையா வந்து நின்றார்.

கறுப்பையா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடமாகச் செல்லப்பா கடையில் துணி அளந்து கிழிப்பவர். முதலாளி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இரண்டு அறையில் குடியிருப்பு. அவருடைய மகள் இராஜேஸ்வரியும் பாலாம்பிகையும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். இராஜேஸ்வரியும் பேராதனைக்குத் தெரிவாகியிருந்தாள், பாலாம்பிகையைவிடக் கூடுதல் புள்ளியோடு. உதவிப்பணம் கிடைத்தால் போவாள். கிடைக்காவிட்டால் இல்லை, அந்த வீட்டில் இரண்டுக்கும் நடுவில் வேறு வழி கிடையாது. முதலாளியும் அன்போடு சொல்லி வைத்திருந்தார்: "கெடைக்கலைன்னா கவலப்படாத கறுப்பையா, கடையில சட்டைத்துணிப் பக்கம் ஒரு எடம் இருக்கு, புள்ளையக் கொண்டாந்து விடு."

"சம்பளக் கடிதம் ஒண்ணு வேணுங்க முதலாளி."

"எழுதிட்டாப் போச்சு. எவ்வளவுன்னு போடுறது?"

"குடுக்குறதத்தாங்க. ரெண்டாயிரத்து நானூறு."

பேனா நின்றது. எதிரே இருந்தது கடையின் கடிதத்தாள். மேலே தாமரையில் லட்சுமி, பக்கத்தில் தங்க எழுத்தில் செல்லப்பா டெக்ஸ்டைல்ஸ். அதன் கீழே இரண்டாயிரத்து நானூறா? இருபத்தாறு வருடச் சேவைக்கா? இதை மாத்தயா பார்ப்பார், வீட்டில் போய்ச் சொல்வார், அவருடைய மனைவி நம்மிடம் புடவை எடுக்கிறவள், அவள் நாலு பேரிடம் சொல்வாள், அந்த நாலு பேரில் ஒருத்தி எதிர்க்கடைக்காரனின் கொழுந்தியாளாக இருப்பாள். கடை மரியாதை என்ன ஆவது? செல்லப்பா ஒரு பெருமூச்சு விட்டு நாலாயிரம் என்று எழுதி, முத்திரை குத்தி, உறைக்குள் போட்டு ஒட்டினார்.

"நேரா கந்தோர்ல குடுத்துரு" என்றார். அந்த நேரம் அவருக்கு மனம் நிறைந்திருந்தது. யாருக்கோ ஆயிரத்து அறுநூறு ரூபாயை அள்ளிக் கொடுத்த மாதிரி ஒரு நிறைவு. மூவாயிரத்து ஐந்நூறு என்ற எல்லை அவருக்குத் தெரியும். தன் படிவத்தை அதைப் பார்த்துத்தான் குறைத்திருந்தார். ஆனால் அது கறுப்பையாவுக்கும் உள்ள எல்லை என்று தோன்றவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவருக்காகச் சத்தியமே பண்ணலாம். அதுதான் இந்த வகையினரிடம் உள்ள ஆபத்து.

பட்டியல் ஒரு திங்கட்கிழமை ஒட்டப்பட்டது. குறைந்த வருமானக்காரர்கள் மேலே. மூன்றாவது பெயர் பாலாம்பிகை: தகப்பன் செல்லப்பா, சிறு வியாபாரம், 2,750. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, தகைமை பெறாதவர்கள். அதில் இராஜேஸ்வரி: தகப்பன் கறுப்பையா, செல்லப்பா டெக்ஸ்டைல்ஸ் ஊழியர், 4,000.

கட்டுகஸ்தோட்டைக்கு அந்த வாரம் வேறு பொழுதுபோக்குத் தேவைப்படவில்லை. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர்கள் பலகையைப் படித்துவிட்டுப் பாணை மறந்து திரும்பினார்கள். முனாப் நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"முதலாளி, ஒண்ணு செல்லட்டா? கைல காசு முடைண்டா வெளிய போவாதீங்க. கறுப்பையாக்கிட்டயே ஒரு ஐந்நூறு கேளுங்க. வசதியான மனிசன், இல்லண்டு செல்ல மாட்டாரு."

செல்லப்பா அதைச் சிரித்துச் சமாளித்தார். கோயில் காரியதரிசி ராஜரத்தினம் வந்தபோதுதான் அடி விழுந்தது. திருவிழா நோட்டீஸின் மாதிரியோடு வந்தவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"பலகையப் பாத்தோம் முதலாளி. உங்க கஷ்டம் தெரியாம வருஷா வருஷம் வந்து தொந்தரவு குடுத்துட்டோம். இந்தத் தடவ உங்க பேரு வேணாம்னு சபையில தீர்மானிச்சிட்டோம். நீங்க சங்கடப்பட வேணாம்."

நோட்டீஸைச் செல்லப்பா வாங்கிப் பார்த்தார். முதல் வரியில் எதிர்க்கடைக்காரன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் கறுப்பையா வந்தார். அவருக்கு இதுவரை முதலாளியிடம் எதிர்த்துப் பேசிய பழக்கம் இல்லை. இப்போதும் எதிர்த்துப் பேசவில்லை. அளவுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துச் சொன்னார்.

"முதலாளி, லெட்டரத் திருத்துங்க. இல்லாட்டி சம்பளத்தத் திருத்துங்க. ரெண்டுல எது செஞ்சாலும் புள்ள படிச்சிரும்."

செல்லப்பா கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். "பாப்போம் கறுப்பையா. பெரிய கந்தோருக்குப் போன காகிதம், உடனே மாத்த ஏலாது" என்றார். பார்ப்போம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம்; இருபத்தாறு வருடத்தில் கறுப்பையாவுக்கு இந்தச் சொல்லோடு நல்ல பழக்கம் உண்டு. அவர் போய்ப் பத்து கெஜம் வெள்ளைத் துணி கிழித்தார். அன்றைக்குத் துணி கோணலாகக் கிழிந்தது. அதற்கு மேல் அவரால் காட்ட முடிந்த கோபம் எதுவும் இல்லை, நினைக்கும்போது நமக்குத்தான் வயிறு எரிகிறது.

பன்னிரண்டாம் நாள் கிராம சேவகர் மாத்தயா வீட்டுக்கு வந்தார், முன்னறிவித்தல் இல்லாமல். வான் வாசலில் நின்றது. தொலைபேசி அந்த நேரம் பார்த்து அடித்தது. மாத்தயா கையில் ஒரு கடிதம். செல்லப்பா மகளின் விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் வந்திருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்றார்.

செல்லப்பாவின் மனம் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எதிர்க்கடைக்காரனா? பிரிஜ்ஜைச் சுமந்து களைத்த முனாப் நானாவா? சாதுவாக நின்ற கறுப்பையாவா? "எந்த நாய் எழுதுச்சு இத?" என்றார்.

"நான்தாம்பா" என்றாள் பாலாம்பிகை, தேநீர்த் தட்டோடு வந்து நின்று.

கமலம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மாத்தயா கடிதத்தைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினார். தன் விண்ணப்பத்துக்குத் தானே ஆட்சேபம் எழுதிய மாணவியை அவர் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லையாம். எந்தக் கோப்பில் போடுவது என்றும் தெரியவில்லையாம்.

"கடையில மாசக் கடைசியில சம்பள வவுச்சர் எழுதுறது யாரு? நான்தானே" என்றாள் பாலாம்பிகை. "கறுப்பையா மாமாவுக்கு நாலாயிரம்னு நான் ஒருநாளும் எழுதுனதில்ல. ராஜி ஒண்ணும் கேக்கல. இங்கிலிஷ் கிளாஸுக்குப் போற பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்துட்டு வெளியவே பாத்துட்டு வாறா. என்னால மூஞ்சி குடுக்க முடியலப்பா."

மாத்தயா தேநீரைக் குடித்துக்கொண்டே சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். மகளின் விண்ணப்பத்தை முதலாளி தானாகவே வாபஸ் வாங்கினால் விசாரணை வேண்டாம். கறுப்பையாவின் விடயமும் சுலபம்: திருத்திய சம்பளக் கடிதம் நாளைக்குள் வந்தால் பெயர் கோட்டுக்கு மேலே ஏறும். இல்லை, நாலாயிரம்தான் சரி என்றால் அதுவும் நல்லது. அந்தப் பிள்ளைக்கு உதவிப்பணமே தேவையில்லை, தகப்பனுக்கு அடுத்த சம்பளத்திலிருந்து நாலாயிரம் கொடுத்தால் போதும். முதலாளி விருப்பம்.

செல்லப்பா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் மாதாமாதம் ஆயிரத்து அறுநூறு. மறுபக்கம் தங்க எழுத்தின் கீழே இரண்டாயிரத்து நானூறு, அதைப் படிக்கப்போகும் மாத்தயா, அவருடைய மனைவி, அந்த நாலு பேர். மானமா, பணமா? மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு தடவை அவர் அவளை ஆச்சரியப்படுத்தப் போகிறார் என்று நம்பியிருப்பாள் போலிருக்கிறது.

அவர் கண்ணைத் திறந்து கடிதத்தாளை எடுத்தார். லட்சுமி படத்தை அழகாகக் கத்தரித்துவிட்டு, வெறும் தாளாக்கி, இரண்டாயிரத்து நானூறு என்று எழுதிக் கொடுத்தார். மகளின் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கவும் கையெழுத்து வைத்தார். எது மலிவோ அது.

இராஜேஸ்வரி பேராதனைக்குப் போய்விட்டாள். முதல் தவணைப் பணம் வர ஐந்து மாதம் ஆனது, அது வேறு கதை. சட்டைத்துணிப் பக்கத்து இடத்துக்கு வேறொரு பிள்ளை வந்திருக்கிறாள். அவளுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் செல்லப்பா, "நம்ம கடையில சம்பளத்துக்கு என்னங்க கொறச்சல்" என்கிறார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உங்களுக்குக் கடையும் இல்லை, வானும் இல்லை, உதவிப்பணம் கேட்கும் வயதில் பிள்ளையும் இல்லை; படிவத்து ஏழைக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. சரி. உங்கள் வீட்டுக்கு வந்து துணி துவைத்து, மா இடித்து, முற்றம் கூட்டிவிட்டுப் போகிறாரே ஒரு பெண், அவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நாலு பேருக்கு முன்னால் யாராவது கேட்டால், கொடுப்பதை அப்படியே சொல்வீர்களா, கொஞ்சம் கூட்டிச் சொல்வீர்களா?

யோசிக்கிறீர்கள்.