சிவப்பு வண்டிச் செயலாளர்

சாமான் வாங்கியே ஊரைக் காப்பாற்றுகிறவர் என்று ஒரு ரகம் மனிதர் உண்டு. அவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். எந்த ஊரில் ஒரு சங்கமும் அதற்கொரு ரப்பர் ஸ்டாம்பும் இருக்கிறதோ அந்த ஊரில் அவர் இருப்பார். பள்ளிக்கூடத்துக்குப் பீரோ வாங்கிப் பூட்டி வைப்பார். வாசகசாலைக்கு ரேடியோ வாங்கி உறை தைத்துப் போடுவார். பஜனை கோஷ்டிக்கு மைக் செட் வாங்கி, கூடவே "யாரும் தொடக்கூடாது" என்று ஒரு போர்டும் எழுதி வாங்குவார். வாங்கியாயிற்று, சேவை முடிந்தது. உபயோகிப்பதா? நன்றாயிருக்கிறதே பேச்சு, சாமான் கெட்டுப் போகாதா?

எங்கள் செஞ்சியில் இந்த ரகத்துக்கு அசல் மாதிரி கோதண்டராமன்தான். ஜவுளிக்கடைக்காரர், தீயணைப்புத் தொண்டர் சங்கத்தின் செயலாளர். இங்கே ஒரு கூரை பற்றிக்கொண்டால் சர்க்கார் வண்டி வெளியூரிலிருந்து வர வேண்டும். அது வந்து சேரும்போது வீடு சாம்பலாகி, சாம்பலும் ஆறியிருக்கும். அதனால் நம்மிடமே பத்து வாளி, ஒரு ஏணி, கூரையைப் பிய்த்து இழுக்கக் கொக்கி வைத்த மூங்கில் கழிகள் இருக்கட்டும் என்றுதான் சங்கத்தை ஆரம்பித்தோம். எண்ணம் நல்ல எண்ணம். அதைக் கொண்டுபோய்க் கோதண்டராமன் கையில் கொடுத்தோம் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

மனுஷர் முதல் காரியமாகப் பித்தளைத் தொப்பி வாங்கினார். யார் தலையையும் அளக்காமல் மதராஸில் போய் மொத்தமாக வாங்கியதில், மல்லாட்டை மண்டி நேமிராஜுக்கு அது மூக்கு வரைக்கும் இறங்கியது. பொருளாளர் என்பதால் அவர் வாயைத் திறக்கவில்லை. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்து வேர்க்கடலை. தொப்பிக்குப் பிறகு பெல்ட் வந்தது. பெல்ட்டுக்குப் பிறகு பிகில், பிகிலுக்குப் பட்டுக்கயிறு. யாராவது முணுமுணுத்தால், "சாமான் இருக்கணும் சார், ஆபத்து சொல்லிட்டா வருது?" என்பார். இதற்கு யார் இல்லை என்று சொல்வது? தீ எங்கே பிடிக்கும், எந்தத் தெருவில் கிணறு இருக்கிறது என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. அனந்தபுரத்தில் என்ன இருக்கிறது, திண்டிவனத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் விசாரிப்பார். அந்த ஊர்க்காரர்களிடம் இல்லாததாக இருந்தால் உடனே வாங்குவார். இருக்கிறதென்றால் அதைவிடப் பெரிதாகப் பார்த்து வாங்குவார்.

அப்படித்தான் வண்டியும் வந்தது. பட்டாளத்தில் கழித்துப்போட்ட லாரி ஒன்றை ஏலத்தில் பிடித்து, முதுகில் தண்ணீர்த்தொட்டி ஏற்றி, சிவப்பு பெயிண்ட் அடித்து, முன்னால் ஒரு வெண்கல மணியையும் தொங்கவிட்டார். அதற்கு வீட்டுக்கு ஒரு மரக்கால் மல்லாட்டை வசூல். அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடும் செல்லம்மாள்கூட முறம் நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். எங்க தெரு முச்சூடும் கூரை ஊடுதானே, வண்டி இருந்தா நிம்மதியா தூங்கலாம் என்றாளாம். பாவம், நம்பிக் கொடுத்தாள்.

வண்டியை அவர் பராமரித்த அழகைக் கேளுங்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்ப மாட்டார், தகரம் துருப்பிடிக்குமாம். கேன்வாஸ் குழாயை நனைக்க மாட்டார், மக்கிப் போகுமாம். வெயில் படக்கூடாதென்று கொட்டகை. கொட்டகைக்குள் தூசி படக்கூடாதென்று வண்டிக்குப் படுதா. ஞாயிற்றுக்கிழமை தோறும் படுதாவை விலக்கி, தொண்டர்களை வரிசையில் நிறுத்தி, பிகில் ஊதி, மணியை அடித்துக் காட்டிவிட்டு மறுபடி மூடிவிடுவார். கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் வண்டியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். தீக்கு மட்டும் அதைக் காட்டவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஊரிலுள்ள லாரிக்காரர்கள் வண்டிக்குச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அன்றைக்கே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வயிற்றுப்பாடு இருக்கிறதே! நம்மவருக்கு அது மட்டம். லாரிக்காரன் பூஜை வேறு, சங்கத்துப் பூஜை வேறு என்றார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும் வரை யாரும் தொடக்கூடாது என்பது சாஸ்திரமாம். வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, ஆள் உயர மாலை போட்டு, ஏணி, கொக்கிக் கழி, குழாய் எல்லாவற்றையும் கோலத்தின் மேல் அடுக்கினார். வாளிகளுக்கெல்லாம் மூன்று பட்டை சந்தனம். வண்டிச் சாவியை மஞ்சளோடு தாம்பாளத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். நாங்கள் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தோம்.

உச்சி வெயிலில் செல்லம்மாளின் கூரை பற்றிக்கொண்டது. படையல் போட அடுப்பு மூட்டியிருக்கிறாள். காற்று ஒரு பொறியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரையில் வைத்துவிட்டது. உள்ளே மூட்டை மூட்டையாய் அந்த வருஷத்து மல்லாட்டை. அதை விற்றுத்தான் தை மாதம் மகள் சின்னப்பொண்ணுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தாள். செல்லம்மாள் தலைவிரிகோலமாகக் கொட்டகைக்கு ஓடிவந்து வண்டியைக் கையால் காட்டினாள்.

வண்டி ஓட்டும் வீராசாமி சுண்டலைப் போட்டுவிட்டு எழுந்தான். "மொதலாளி, சாவியக் குடுங்க" என்றான்.

கோதண்டராமன் தாம்பாளத்துக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். "சாவி சாமிகிட்ட இருக்குது. நாளைக்குக் காலையில மறுபூஜை. அதுக்கு முன்னால எடுத்தா வண்டிக்கு ஆவாதுடா" என்றார்.

சரி, வாளியையாவது எடுக்கலாமா என்று நேமிராஜ் கேட்டார். வாளியும் பூஜையில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. கொக்கிக் கழியும் அப்படியே. பித்தளைத் தொப்பி போட்ட பன்னிரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். தீ அணைக்க வாங்கிய சாமான் அத்தனையும் கண்ணெதிரே இருக்கிறது. எடுக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை. வெட்கக்கேடு! வீராசாமி மட்டும் தொப்பியைக் கழற்றிக் கோலத்தின் மேல் வைத்துவிட்டு ஓடினான். அந்தத் தெருப் பெண்கள் குடத்தால் ஊற்றினார்கள், அவன் பக்கத்து வீட்டுக் கூரையை வெறுங்கையால் பிய்த்துப் போட்டான், தெரு பிழைத்தது. செல்லம்மாள் வீடு பிழைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை ஜோராக நடந்தது. எந்தக் காரியத்தையும் தொடங்க உகந்த நாள் என்பதால் வண்டிக்கும் அன்று முதல் காரியம் ஒன்று செய்துவைக்க வேண்டும் என்று செயலாளர் ஆசைப்பட்டார். தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். போட்டோக்காரரைக் கூப்பிட்டார். வீராசாமி வராததால் வாடகைக்கு வேறு டிரைவர். மணி அடித்துக்கொண்டு வண்டி எங்கே போனது என்கிறீர்கள்? செல்லம்மாள் தெருவுக்குத்தான்.

தாயும் மகளும் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகள் மேலேதான் கருகியிருந்தன. அடியில் கிடந்தது வறுபட்டிருந்ததே தவிரத் தின்கிற பதத்தில் இருந்தது. சந்தையில் வறுகடலையாக விற்றால் கல்யாணத்துக்குப் பாதியாவது தேறும் என்று பொறுக்கிப் பொறுக்கிக் குவித்திருந்தார்கள். கோதண்டராமன் அவர்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார். போட்டோக்காரர் தயார் என்றதும் பிகில் ஊதினார். கேன்வாஸ் குழாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நனைந்தது. தண்ணீர் பீறிட்டுக்கொண்டு போய், அந்தக் குவியலைச் சாம்பலோடு சேர்த்து அடித்துச் சாக்கடையில் தள்ளியது.

செல்லம்மாள் அழவில்லை. செயலாளர் எதிரில் வந்து நின்றாள்.

"நேத்து வந்திருந்தா ஊடு நின்னிருக்கும் ஐயா. இன்னிக்கி வராம இருந்திருந்தா மல்லாட்டையாவது மிஞ்சியிருக்கும்" என்றாள்.

கோதண்டராமனுக்கு வருத்தம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வருத்தம் நிறைய இருந்தது, அதனால்தான் அந்த வாரமே பொதுக்கூட்டம் கூட்டினார். குரல் தழுதழுக்கப் பேசினார். நடந்ததற்கு யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, குறை நம் தளவாடத்தில்தான் இருக்கிறது என்றார். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு அது பூஜைக்கு நிற்குமா, தீக்கு ஓடுமா? ரெண்டு வண்டி இருந்திருந்தால் ஒன்று பூஜையில் இருக்க, இன்னொன்று போயிருக்காதா? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது. செல்லம்மாளிடம் மட்டும் இந்தத் தடவை வசூல் வேண்டாம் என்று பெருந்தன்மையோடு விட்டுக் கொடுத்தார்கள். சின்னப்பொண்ணுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் கோதண்டராமனைத் திட்டுகிறீர்கள். நன்றாகத் திட்டுங்கள், எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். ரெண்டாவது வண்டி என்று அவர் சொன்னபோது, "அட, அதுவும் ஒரு வகையில் நியாயம்தானே" என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் கூச்சப்படாமல் வாருங்கள். வீராசாமி விலகிய பிறகு சங்கத்தில் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது.