நான் இழுத்துவிட்ட இரண்டு ஏக்கர்

கணிதம் படிப்பிப்பவர்களுக்கு விடை முதலே தெரியும். அதுதான் எங்களுடைய வியாதி. விடை தெரிந்த ஆள் எதையும் ஒழுங்காகக் கேட்பதில்லை. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு, ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முழு வகுப்புக்கும் முன்னால் வாங்கிய தகுதி.

அப்போது என் நியமனம் நிரந்தரமாகவில்லை. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சேர் வந்து ஒரு பாடத்தைப் பார்த்து, சரி என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் இன்னும் ஆறு மாதம் தொங்க வேண்டும். சும்மா விடுவேனா? வரைபு கீறும் மென்பொருளை மடிக்கணினியில் போட்டு, ஒரு கிழமை வீட்டில் சோறு கறியை மறந்து பழகினேன். எண்களைக் கொடுத்தால் புள்ளி விழும். புள்ளியை மவுஸால் பிடித்து இழுத்தால் நகரும். (இந்த வசதியைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.)

பாடம் நேர் விகிதசமன், ஒன்பதாம் வகுப்பு. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். வவுனியா ரவுனில் வளர்ந்த நான் நெல்லை மூட்டையில்தான் அதிகம் கண்டவள். ஆனாலும் பிள்ளைகளிடம், "உங்கட வயல் எத்தினை ஏக்கர், எத்தினை புசல் விதைக்கிறனீங்கள், சொல்லுங்கோ" என்று கேட்டேன்.

"ஒண்டரை ஏக்கர், மூண்டு புசல் ரீச்சர்."

"மூண்டு ஏக்கர், ஆறு புசல்."

பதினாறு பிள்ளைகள், பதினாறு புள்ளிகள், சுவரில் விழுந்த வரைபில் எல்லாம் ஒரே நேர்கோட்டில். பின்வாங்கில் இருந்த சேர் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியாகத் தர்சிகா எழும்பினாள்.

"ரெண்டு ஏக்கர், அஞ்சு புசல்."

புள்ளி கோட்டுக்கு மேலே போய்த் தனியாக நின்றது.

"நாலு புசலா இருக்கும், நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"இல்லை ரீச்சர், அஞ்சு."

"வீட்டில வடிவாக் கேட்டுக்கொண்டு வந்திருக்கோணும்" என்றபடி அந்தப் புள்ளியைப் பிடித்துக் கோட்டில் இழுத்துவிட்டேன். பக்கத்து அட்டவணையில் ஐந்து நான்கானது. இப்போது கோடு என்ன அழகு! "பாத்தீங்களோ, ஏக்கர் கூடக் கூட விதையும் அதே அளவில கூடுது. நீங்களே நிறுவிப் போட்டீங்கள்" என்றேன்.

சேர் எழும்பி முன்னால் வந்தார். என்னைப் பாராட்டத்தான் வருகிறார் என்று சேலையைச் சரிசெய்தேன். அவரோ தர்சிகாவிடம் போனார்.

"ஏன் பிள்ளை முகம் வாடிப் போச்சு?"

"எங்கட வயல் சரியா ரெண்டு ஏக்கர் சேர். அளந்த பத்திரம் வீட்டில கிடக்கு. கீழ்ப்பக்கம் தண்ணி நிண்டு விதை அழுகிப் போகும். அதால அப்பா அஞ்சு புசல் போடுறவர்."

சேர் மற்றவர்களைப் பார்த்தார். "உங்கட வயலுகளை ஆரும் அளந்ததோ?"

"இல்லை சேர்" என்றான் முன்வாங்குப் பெடியன். "நாலு புசல் விதைச்சா ரெண்டு ஏக்கர்தானே." வகுப்பே ஓம் என்றது.

அந்தப் பக்கத்தில் வயலைச் சங்கிலி பிடித்து அளப்பதில்லை, விதைப்பை வைத்துத்தான் சொல்வார்களாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதாவது அவர்கள் விதையை இரண்டால் வகுத்து ஏக்கர் சொல்ல, நான் ஏக்கரை இரண்டால் பெருக்கி விதையை நிறுவியிருக்கிறேன். உண்மையாக அளந்த காணி ஒன்றே ஒன்று. அதைத்தான் பிழை என்று இழுத்துவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

"முதல்ல அந்தப் பிள்ளையின்ர வயலைத் திருப்பிக் குடுங்கோ ரீச்சர்" என்றார் சேர், மிக அமைதியாக.

இழுத்தேன். அந்தச் சனியன் புள்ளி நாலே முக்காலில் நின்றது, பிறகு ஐந்தைத் தாண்டியது. "இன்னும் கொஞ்சம் கீழ ரீச்சர்" என்று வகுப்பே வழிகாட்டியது. ஐந்தில் வந்து நின்றபோது தர்சிகா சிரித்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறு மாதம் தொங்கியதும் நடந்தது.

வீட்டில் என் கணவரிடம் நடந்ததைச் சொல்லி, நியாயம் கேட்டுக் கொதித்தேன். இவர் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். இப்போது நியமனம் நிரந்தரம், வீட்டில் இந்தக் கதையும் நிரந்தரம். போன தவணை மகள் கணிதத்தில் அறுபத்தெட்டு எடுத்து வந்தாள், ஏ சித்திக்கு ஏழு புள்ளி குறைவு. இவர் அறிக்கையை நீட்டி, "என்ன பிள்ளை இது?" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"அம்மாவிட்டைக் குடுங்கோ அப்பா. எழுபத்தஞ்சுக்கு இழுத்து விடுவா."