வழியில் இறங்கிய சார்ஜ்

கூச்சப்படுகிறவன் கையில் வெளிச்சம் தருகிற பொருள் எதையும் கொடுக்கக் கூடாது. வாய் செய்ய வேண்டிய வேலையை அதை வைத்துச் செய்ய ஆரம்பித்துவிடுவான். நான் செய்தேன். கல்யாணமே கவிழப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வில்லியனூரில் ஒரு பேட்டரி சார்ஜ் கடையில் வேலை பார்த்தேன். டிராக்டர் பேட்டரியும் லாரி பேட்டரியும் வரிசையாக உட்கார்ந்து ஆசிட் வாடை விட்டுக்கொண்டிருக்கும். முதலாளிக்கு ஒரே சட்டம்தான். பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கும்போது பல்பை எரியவிட்டுக் காட்ட வேண்டும். "வாயால சொன்னா எவன்டா நம்புவான்? கண்ணால பாக்கட்டும்" என்பார். பேசாமல் பிழைக்க வழி சொன்ன அந்தச் சட்டம் எனக்கு வேதமாகிவிட்டது.

அப்போது பாகூரில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெயர் கலா. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்போம். பிரான்சிலிருந்து அவர் ஒரு சின்னப் படகு கொண்டுவந்திருந்தார். முழங்கை நீளம். எலுமிச்சம்பழம் அளவு எஞ்சின். (பொம்மை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார்.)

அந்த எஞ்சினின் தலையில் ஒரு பிளக். அதற்குள் முடி போன்ற கம்பிச் சுருள். கைப்பிடிக்குள் ஒரு சின்ன பேட்டரி வைத்த ஸ்டார்ட்டரை பிளக்கின் மேல் மாட்டினால் சுருள் சிவக்கும். அப்போது கயிற்றைச் சுற்றி இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடலாம். அதன் சார்ஜர் கெட்டுப் போனதால் படகு இரண்டு வருடமாகப் பரண்மேல் இருந்தது.

தரகர் என்னைப் பற்றி, "பையன் பேட்டரியில புலி" என்று சொல்லி வைத்திருந்தார். சொல்தா ஸ்டார்ட்டரையும் சோதித்துப் பார்க்க ஒரு பழைய பிளக்கையும் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சேதி: "ஞாயித்துக்கிழம ஏரியில படகு ஓடட்டும். அப்புறம் மத்தது பேசிக்கலாம்."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து இருட்டும் வரை பக்குவமாக சார்ஜ் ஏற்றினேன். கட்டைவிரல் பருமனுள்ள பேட்டரிக்கு என் வாழ்நாளில் காட்டாத பொறுமையைக் காட்டினேன். பிளக்கை மாட்டிப் பார்த்தேன். செவ்வகத்திப்பூ போலச் சிவந்தது. அத்தோடு துணியில் சுற்றி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலாளி, "ஏறிடுச்சா?" என்றார். சட்டப்படி சிவக்க வைத்துக் காட்டினேன். வீட்டில் அம்மா கேட்டாள், காட்டினேன். எதிர்வீட்டுக்காரர் கேட்கவேயில்லை, அவருக்கும் காட்டினேன். மறுநாள் பாகூர் பஸ்ஸில் கண்டக்டர் என் கையைப் பார்த்து, இன்னா அது என்றார். சிவக்க வைத்துக் காட்டினேன். பின்சீட்டுப் பெரியவர் அதில் பீடி பற்றவைக்க முடியுமா என்று கேட்டார். முடிந்தது. நாலாவது பீடிக்குக் கொஞ்சம் நேரமானது. (பீடியில் ஈரம் என்று நினைத்தேன்.)

லாரி பேட்டரியில் நாள் முழுக்க பல்பு காட்டினாலும் அதற்கு வலிக்காது. இதுவோ முடி மாதிரிக் கம்பியை வைத்துக்கொண்டு மாடு தண்ணீர் குடிப்பது போலச் சார்ஜைக் குடிக்கிற ஜாதி. அது எனக்குத் தெரியாது. புலிக்குத் தெரியாது.

பாகூரில் அவர்கள் வீட்டுக்குப் போனால், சொல்தா படகோடு முன்னாலேயே ஏரிக்கரைக்குப் போயிருந்தார். மோர் கொண்டுவந்த கலா, "இன்னாங்க இது?" என்று கேட்டாள். அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை. பதில் சொல்ல வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, "இன்னொரு வாட்டி காட்டுங்க" என்றாள். காட்டினேன். அவளாகப் போதும் என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லவேயில்லை.

ஏரிக்கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. சொல்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டார்ட்டரை மாட்டிக் கயிற்றை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். இருபது முறை இழுத்ததும் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் தும்மக்கூட இல்லை. பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட்டரில் வைத்துப் பார்த்தார். கரிக்கட்டை மாதிரிக் கறுப்பாக இருந்தது.

"நேத்தெல்லாம் ஏத்தினியே தம்பி" என்றார் நிதானமாக. "சார்ஜு வழியிலயே எறங்கிடுச்சா?"

கரை முழுக்கச் சிரித்தது. ஏரியில் ஆழமான இடம் எது என்று புலி கண்ணாலேயே தேடியது. தரகர் அப்போதே யாரோ தெரியாதவர் போல நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்த நேரத்தில் கலா வீட்டு டார்ச் லைட்டோடு வேகமாக வந்து, அதை என் கையில் கொடுத்தாள். "இந்தக் கட்டை ஆவாதா?"

டார்ச்சுக்குள் இரண்டு பெரிய பேட்டரிக் கட்டைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். ஆகும். பேட்டரிக்காரனுக்குத் தோன்றியிருக்க வேண்டியது. பிளக்கைத் திரும்ப மாட்டி, இரண்டு கட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஜோடியாக நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த ஒயரைச் சுற்றி, ஒரு முனையை எஞ்சினில் கட்டி, மறுமுனையை பிளக்கின் தலையில் விரலால் அழுத்தினேன். ஒயர் சுட்டது. விடவில்லை. சொல்தா கயிற்றை இழுத்தார்.

எஞ்சின் அலறியது. எரிபொருளோடு கலந்த ஆமணக்கெண்ணெயின் புகையை விட்டுக்கொண்டு படகு ஏரியில் வட்டமடித்தது. சொல்தா படகைப் பார்க்காமல் கொப்பளித்திருந்த என் விரலைப் பார்த்தார். "வாய் இல்லன்னாலும் புடிச்சத வுடமாட்டான்" என்று தரகரிடம் சொன்னார். தரகர் நாலடி கிட்டே வந்தார். அடுத்த தையில் கல்யாணம்.

இத்தனை வருடமாகியும் நான் கடைக்குப் போய் ஒரு சாமானை மறந்து வந்தால், வீட்டில் எல்லோரும் சேர்ந்து, "வழியிலயே எறங்கிடுச்சா?" என்று கேட்பார்கள். பேரப்பிள்ளைகூடக் கேட்கிறது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவள் கலாதான்.

பஸ்ஸில் இறங்கியது போக மிச்சமிருந்த சார்ஜ் எந்த வீட்டில் இறங்கியது என்று அவளுக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத்தான் பேச வராதே.