கோட்டுக்குள் பலகை

கார் அன்றும் பாதிதான் சார்ஜ் ஏறியிருந்தது. கணக்கு வாத்தியார் குனிந்து பார்த்தார். தரையில் கிடந்த சார்ஜ் பலகை மறுபடியும் இடப்பக்கமாக நகர்ந்திருந்தது.

வண்டியில் ஒயர் எதையும் சொருக வேண்டாத புதுவகை அது. பலகைக்கு நேர் மேலே காரை நிறுத்தினால் போதும், தானாக ஏறிக்கொள்ளும். வாத்தியார் ஸ்கேலும் சாக்பீஸும் எடுத்துவந்து தரையில் கட்டம் போட்டு, பலகையைக் கோட்டுக்குள் வைத்தார். மறுநாள் காலை அது கோட்டுக்கு வெளியே இருந்தது.

குடியிருப்பின் காவலாளியைக் கூப்பிட்டார். குழந்தைகளுக்கு அவர் 'கேட் மாமா'.

"பலகைய நகர்த்தினது நீங்களா?"

"ஆமாங்க சார். வண்டி வந்து..."

"வண்டிய நான் பாத்துக்கறேன். நீங்க கேட்டைப் பாருங்க."

பெரியவர் காரணமில்லாமல் செய்யமாட்டாரே, என்னவென்று கேட்டீர்களா என்றாள் மனைவி. விடை தெரிந்த கணக்குக்கு வழிமுறை எதற்கு என்றார் வாத்தியார்.

பலகையின் நான்கு பக்கமும் டேப் ஒட்டினார். காலையில் டேப் பிரிக்கப்பட்டு, அழகாகச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. சார்ஜ் கால்வாசி. ஆளை வைத்துத் தரையில் துளை போட்டு, பலகையைத் திருகாணியால் முடுக்கினார். இந்த முறை அது மயிரிழைகூட நகரவில்லை. சார்ஜும் துளிகூட ஏறவில்லை. அன்றைய முதல் வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள், வாத்தியார் இல்லை.

கேட் மாமாதான் ஆத்திரத்தில் எதையோ கெடுத்துவிட்டார் என்று வாத்தியார் தீர்மானித்து, படம் வரைந்து பாகங்களைக் குறித்து, குடியிருப்புச் செயலாளருக்குப் புகார் எழுதினார். கேட் மாமாமேல் ஏற்கெனவே ஒரு புகார் உண்டு. மழையில் நனைந்து வந்த ஒருவரின் பைகளை மாடிக்குத் தூக்கிப்போனபோது கேட் திறந்து கிடந்ததாம். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அது வாத்தியாருக்கும் தெரியும்.

மாலையில் கேட் மாமா வாசலில் வந்து நின்றார்.

"லெட்டரை மட்டும் திருப்பி வாங்கிக்குங்க சார். இந்த வயசுல என்னை வேற யாரும் எடுக்கமாட்டாங்க."

வாத்தியார் வாங்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தைக் கடவுள் அவருக்குத் திருத்திக்கொள்ளக் கொடுத்திருந்தார் என்றே தோன்றுகிறது.

சனிக்கிழமை கேட் மாமா சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். போகிற வழியில், வாத்தியாரின் கார் கண்ணாடியில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டார். மாடியிலிருந்து பார்த்த வாத்தியாருக்கு என்னவோபோல் இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்தார். காருக்கடியில் படுத்து வெகுநேரம் அளந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"பலகையில ஒரு குறையும் இல்ல சார், நீங்கதான் எப்பவும் ஒரு சாண் இடது பக்கம் தள்ளி நிறுத்தறீங்க. இத்தனை நாள் கொஞ்சமாவது ஏறியிருக்குன்னா, தினமும் பாதி ராத்திரியில யாரோ குனிஞ்சு பலகைய வண்டிக்கு நேரா நகர்த்தி வெச்சிருக்காங்க. யாரு சார் அந்தப் புண்ணியவான்?"