என்னைக் கொல்லச் சொல், அக்கா

மரியாதைக்குரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் பாப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும், அத்தானுடைய இடது முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முறைப்படி எழுத வேண்டியதை எழுதியாயிற்று, இனி விஷயம். என் மகள் என்னைக் கொல்வதை நிறுத்திவிட்டாள். ஏழு வாரம் ஆகிறது. நீ உடனே தலையிட வேண்டும். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாய், அத்தான் நடுவில் புகுந்து "யாரு, யாரு செத்தது" என்பார், அவருக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்குப் பயம் கியம் எதுவும் கிடையாது. நீ அலைந்துகொண்டு வரவும் வேண்டாம், அத்தானைத் தனியாக விட்டால் அவர் மாத்திரையை மறப்பார்.

நீ பாதிக் கதையைத்தான் கேட்டிருப்பாய் என்பதால் ஆதியிலிருந்து சொல்கிறேன். பாப்பாவுக்கு முப்பத்தொரு வயது. வாரத்தில் ஐந்து நாள் பல் செட் செய்யும் லேபில் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிறாள். சனி ஞாயிறில் தன் அறையில் பொம்மைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போடுகிறாள். ஒன்றின் மேல் ஒன்று டக்கென்று பொருந்துமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து மேஜை மேல் ஒரு தொழிற்சாலையையே கட்டி வைத்திருக்கிறாள். அதில் வேலை பார்ப்பவர்கள் கட்டைவிரல் உயரத்துக்கு மஞ்சள் மூஞ்சிப் பொம்மைகள். பொம்மையை எள்ளளவு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி எள்ளளவு நகர்த்தி இன்னொரு போட்டோ, இப்படிப் பன்னிரண்டு போட்டோ சேர்ந்தால் திரையில் ஒரு விநாடி. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, வெளிச்சம் மாறினால் படம் கண் சிமிட்டுகிறதாம். உன் தம்பி பெண்டாட்டி ஒருமுறை பீரோவைத் தடாலென்று சாத்தியதில் எட்டுத் தொழிலாளிகள் ஒரே நேரத்தில் மல்லாந்து விழுந்து நாலு மணி நேர வேலை வீணாய்ப் போனது. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நாங்கள் சொந்த வீட்டில் திருடர்கள் மாதிரி நடக்கிறோம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், எங்கள் பழைய தொழிற்சாலையின் கிரேன் டிரைவர் போன் பண்ணினார். "சார், நீங்க கலவை மெஷின்ல விழுந்து செத்துட்டீங்க சார். ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றார். அவர் அனுப்பியதைத் திறந்து பார்த்தால் வெள்ளை ஹெல்மெட், அதற்குக் கீழே மொட்டைத் தலை, கண்ணாடி. நானேதான். ஆறு தொழிலாளிகளை நிற்க வைத்து ஏணியில் எப்படிப் பத்திரமாக ஏறுவது என்று வகுப்பு எடுத்துக்கொண்டே பின்னால் போகிறேன், போகிறேன், கலவை மெஷினுக்குள் போய்விட்டேன். ஹெல்மெட் மட்டும் வெளியே வந்தது. தொழிலாளிகள் கை தட்டினார்கள். அந்தப் பொம்மைக்கு ஒரே முகம், ஒரே சிரிப்பு, அதனால் சாகும்போதும் சிரித்துக்கொண்டே சாகிறேன். முப்பத்துநாலு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஒரு விரலைக் கூட மெஷினுக்குக் கொடுக்காதவன் நான். அவளிடம் நாலு நாள் பேசவில்லை.

ஐந்தாம் நாள் பேசினேன், ஏனென்றால் அந்த மெஷினுக்கு மேல்மூடியே இல்லை. மூடி இல்லாத மெஷினை எந்தத் தொழிற்சாலையில் அனுமதிப்பார்கள்? பழைய பழக்கத்தில் விபத்து அறிக்கை ஒன்று எழுதினேன், இரண்டு பக்கம், நடந்தது என்ன, காரணம் என்ன, தவிர்த்திருக்க முடியுமா என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அவள் அறைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டேன். உள்ளே அவள் விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. அடுத்த படத்தில் மெஷினுக்கு மூடி இருந்தது. மூடி என் தலையில் விழுந்தது.

அக்கா, அதன் பிறகு நடந்ததுதான் என் ஓய்வுக் காலம். அவள் என்னைக் கொல்வாள், நான் அறிக்கை எழுதுவேன், அவள் குறைகளைச் சரி செய்து இன்னும் சுத்தமாகக் கொல்வாள். நசுக்கும் மெஷினில் நசுங்கினேன். குளிர் அறையில் உறைந்தேன். "பாதுகாப்பே முதல்" என்ற பலகையை ஆணியடித்து மாட்டிவிட்டுத் திரும்பும்போது அது என் மேலேயே விழுந்தது, அது என் யோசனை, சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. மொத்தம் இருபத்திரண்டு சாவு. பார்க்கிறவர்கள் என்னைச் "சார்" என்கிறார்கள். "சார் இந்த வாரமும் போய்ட்டார், மனசு நிம்மதியா இருக்கு" என்று ஒரு பல் டாக்டர் எழுதுகிறார். முப்பத்துநாலு வருஷம் நான் சொன்னதை ஒருவரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது என் சாவைப் பார்த்துவிட்டு, வீட்டு ஏணியை மாற்றியதாக நாலு பேர் எழுதியிருக்கிறார்கள்.

நடுவில் நீ வந்திருந்தாய். பலகைப் படத்தைப் பார்த்துவிட்டு அவளிடம், "பெத்த அப்பன வெச்சு என்னடி விளையாட்டு இது? விளையாட்டாப் பண்றது பலிச்சிரும்" என்றாய். அவள் அப்போது சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வார்த்தை அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஏழு வாரத்துக்கு முன் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு வால்வு என்றார். அன்று நான் மேஜையில் கிரேன் கொக்கியில் பதினாறு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தேன், இருபத்திமூன்றாவது சாவு, பாதிக்கு மேல் எடுத்தாயிற்று. பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே அறைக்குப் போய் என்னைக் கொக்கியிலிருந்து இறக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். அதற்குப் பிறகு மூன்று படம் வந்துவிட்டது. முதல் படத்தில் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டாவதில் ரொட்டி சாப்பிடுகிறேன். மூன்றாவதில் எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது. ஜனங்கள் கொந்தளித்துவிட்டார்கள். "சாருக்கு என்னாச்சு?" என்கிறார் ஒருவர். "கடைசி வரைக்கும் பாத்தேன், சார் உயிரோடவே இருக்கார், ஏமாத்திட்டீங்க" என்கிறார் இன்னொருவர். பல் டாக்டர் இரண்டு வாரமாக எழுதவே இல்லை.

சரி, அவள் செய்யாவிட்டால் நானே செய்துகொள்கிறேன் என்று போன புதன்கிழமை அவள் லேபுக்குப் போனதும் அறைக்குள் நுழைந்தேன். நசுக்கும் மெஷின் பக்கம் என்னை நிறுத்தி, எள்ளளவு நகர்த்தி ஒரு போட்டோ எடுத்தேன். என் கைக்கு எள்ளளவு என்பது தெரியவில்லை, பொம்மை ஒரே தாவலில் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. எடுத்து நிறுத்தினால் தும்மல் வந்தது. தும்மலில் கேமரா ஸ்டாண்டு ஆடியது, ஸ்டாண்டைப் பிடிக்கப் போய் விளக்கு சாய்ந்தது, விளக்கைப் பிடிக்கப் போய் முழங்கை பட்டு என் தலை தனியே கழன்று தரையில் உருண்டது. அந்தச் சமயம் பார்த்து உன் தம்பி பெண்டாட்டி தூசி உறிஞ்சும் மெஷினை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, "என்ன, இங்க என்ன பண்றீங்க" என்று கேட்டுக்கொண்டே என் தலையை உறிஞ்சிவிட்டாள். நான் குனியக் கூடாது. அவள் தரையில் செய்தித்தாளை விரித்து, தூசிப் பையைக் கொட்டி, "கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல உங்க தலையைத் தேடுற வேலை ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே துழாவினாள். நான் எடுத்த தொண்ணூற்று நாலு போட்டோவில் எண்பதில் என் தொப்பை இருக்கிறது.

பாப்பா அன்று பார்த்துச் சீக்கிரம் வந்துவிட்டாள். வாசலில் நின்று மேஜையைப் பார்த்தாள், தலையில்லாமல் நின்ற என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அப்படியே தூசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு சாவு பத்து செகண்டுப்பா. நூத்தி இருவது தடவ உங்களக் கையால தொட்டுத் தள்ளணும். முன்னாடில்லாம் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். இப்ப விரல் வைக்க முடியல. அத்தை அன்னிக்குச் சொன்னாங்கல்ல" என்றாள்.

எனக்கு அவளிடம் சொல்லத் தெரியவில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன். இருபத்திரண்டு படத்திலும் நான் செத்தேன், நிஜம்தான். ஆனால் அடுத்த படம் தொடங்கும்போது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, அதே சிரிப்போடு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி வந்து நின்றேனா இல்லையா? நான் எண்ணிக்கொண்டிருந்தது சாவை அல்ல, திரும்பி வந்ததை. இப்போது அவள் என்னை நாற்காலியில் உட்கார வைத்துப் பத்திரப்படுத்துகிறபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பத்திரமாக உட்கார்ந்திருக்கிறவன் எங்கே திரும்பி வருவது? அதற்காக எனக்குப் பயம் என்று நினைக்காதே, பயம் இல்லை, கலக்கம்தான், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்.

ஆகையால் நீ அவளுக்குப் போன் பண்ணி, அன்று சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும். "உங்கப்பன ஒழுங்கா எப்பவும் போலக் கொல்லுடி" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். பதினெட்டாம் தேதிக்குள் ஒரு தடவை செத்துவிட்டால் நான் நிம்மதியாகப் போய்ப் படுப்பேன். உன் சொல்லுக்கு அவளிடம் இருக்கிற மதிப்பு என் அறிக்கைகளுக்கு இல்லை.

அத்தானுக்கு என் நமஸ்காரம். முழங்காலைத் தரையில் ஊன்ற வேண்டாம் என்று சொல். நீங்கள் இருவரும் நூறு வயது இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

உன் தம்பி.

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உறை தேடப் போனேன், பாப்பா எடுத்துப் படித்துவிட்டாள். சனி ஞாயிறு இரண்டு நாளும் கதவைச் சாத்திக்கொண்டாள், ஞாயிறு சாயந்திரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினாள். ஆஸ்பத்திரி. நான் மேஜையில் ஹெல்மெட்டோடு படுத்திருக்கிறேன். ஆபரேஷன் ரொம்ப நன்றாக முடிகிறது, எழுகிறேன், டாக்டருக்கே ஏணி வகுப்பு எடுக்கிறேன், நடந்து வாசலுக்கு வருகிறேன். அங்கே உன் கொண்டையும் உன் கண்ணாடியுமாக ஒரு பொம்மை என்னைப் பார்க்க ஓடி வருகிறது, தூக்க முடியாமல் தூக்கி வந்த பெரிய பெட்டியைக் கீழே வைக்கிறது. என் மேல் வைக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் உன் தம்பி பெண்டாட்டி பயந்து தண்ணீர் கொண்டு வந்தாள். பாப்பாவும் சிரித்தாள், ஏழு வாரத்துக்குப் பிறகு. பெட்டியில் சக்கரம் இல்லாததைக் கண்டித்து அறிக்கை கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. பயம் இல்லை என்று மேலே எழுதியிருக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிடு. பதினைந்தாம் தேதியே வந்துவிடு அக்கா, அத்தானையும் கூட்டிக்கொண்டு. சின்னப் பெட்டியாக எடுத்து வா.